டிக்கெட் இல்லாமல் உலகக் கோப்பைக்கு

கடந்த 2025 டிசம்பர் 5ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு, உலகக் கோப்பைக் கால்பந்துக்கான குலுக்கல் வாஷிங்டனில் தொடங்கியபோது, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் என் மகனும் மட்டும் விழித்திருந்தோம். 48 அணிகள், 104 ஆட்டங்கள், மூன்று நாடுகளில் 16 நகரங்கள் என்று விரிந்து கிடக்கும் அந்தப் போட்டியில் எங்கள் அக்கறை ஒரே ஓர் ஊரின்மீதுதான் இருந்தது. என் அக்கா செவிலியராக வேலை பார்த்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கும் டொராண்டோவில் ஆறு ஆட்டங்கள் நடக்கின்றன. அவை எவையெவை என்று மறுநாள் அட்டவணை வந்ததும், மளிகைக் கடையில் கொடுத்த புது நாள்காட்டியில் ஜூன் மாதத் தாளைத் தேடி என் மகன் பேனாவால் வட்டம் போடத் தொடங்கினான். இப்போது மார்ச் மாதம். அந்த வட்டங்களில் சில அடிக்கப்பட்டுவிட்டன. மீதமுள்ளவை பதினெட்டு நாள் பயணமாகிவிட்டன.

முதலில் அடிபட்டது ஆட்ட டிக்கெட்தான். குறைந்த விலை டிக்கெட் 60 அமெரிக்க டாலர் என்று அறிவித்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் தேவை ஏற ஏற விலையும் ஏறும் முறையில் விற்பதால், அந்த அறுபது டாலர் டிக்கெட் எங்கள் கண்ணில் ஒருமுறைகூடப் படவில்லை. மூன்று பேருக்கு ஓர் ஆட்டம் பார்ப்பதற்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அது அங்கே தங்கியிருக்கும் நாள்கள் முழுவதற்குமான சாப்பாட்டுச் செலவை விட அதிகமாக வந்தது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுபவனுக்கு, தொண்ணூறு நிமிடத்துக்கு இவ்வளவு என்ற அந்த எண் தொண்டைக்குள் இறங்கவில்லை. "இன்னாடா தம்பி, டிக்கெட்டே இல்லாம இவ்ளோ தூரம் வரப்போறியா?" என்று அக்கா தொலைபேசியில் சிரித்தாள். வருகிறேன் என்றேன். என் மனைவிக்கு அதில் முழுச் சம்மதம். என் மகனுக்குப் பாதிச் சம்மதம்.

டிக்கெட் இல்லாமல் பார்ப்பது எனக்குப் பழகிய வழி. என் அப்பா காந்தி சாலையில், சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிர்ப்புறத்துச் சந்து ஒன்றில், ஒரு விடுதியில் கணக்கராக இருந்தார். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்காக வருகிற குடும்பங்கள் வாரக்கணக்கில் அங்கே தங்கியிருக்கும். 1990ஆம் ஆண்டு, எனக்குப் பதினான்கு வயது, அந்த விடுதி முற்றத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்து, இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் காட்டினார்கள். எங்கள் தெருவில் கால்பந்து தெரிந்த ஆள் அதிகம் இல்லை. ஆனால் அந்த முற்றத்திலோ, நோயாளியை அறையில் தூங்க வைத்துவிட்டு வந்த மனிதர்கள் பிரேசில் கட்சி, அர்ஜென்டினா கட்சி என்று பாயைக்கூடத் தனித்தனியாக விரித்து உட்கார்ந்தார்கள். ஜூன் 24 இரவு இரண்டு அணிகளும் மோதியபோது, ஏறத்தாழ எண்பதாவது நிமிடத்தில் மாரடோனா நான்கு பேருக்கு நடுவே நழுவவிட்ட பந்தைக் கனீஜியா கோலாக்கினார். பாதி முற்றம் எழுந்து ஆடியது, மறு பாதி தலையில் கைவைத்தது. மேல்மாடியிலிருந்து ஒரு பெண்மணி, நோயாளி இருக்கிறார் என்று வங்காள மொழியில் அதட்டியதும் இரு கட்சியும் ஒருசேர வாயைப் பொத்திக்கொண்டன. அதற்குப் பிறகு சென்னையில் இரண்டு ஆட்டங்களை அரங்கத்துக்குள் அமர்ந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் கால்பந்து பார்ப்பது என்றதும் என் நினைவுக்கு வருவது அந்த முற்றம்தான்.

கோயில் திருவிழாவில் மூலவரைக் கருவறைக்குப் போய்ப் பார்க்க இயலாதவர்களுக்காகத்தானே உற்சவர் வீதிக்கு வருகிறார்? உலகக் கோப்பை நடக்கும் நகரங்களில் ரசிகர் திருவிழா என்று ஒன்றை நடத்தும் வழக்கத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பெரிய திரை, பாட்டு, சாப்பாட்டுக் கடைகள், பல நாட்டுக் கொடிகள், புல்வெளியில் உட்கார்ந்த கூட்டம். டொராண்டோ அரங்கத்தில் தற்காலிக இருக்கைகள் பதினேழாயிரத்தையும் சேர்த்து ஏறத்தாழ 45,000 பேர்தான் அமர முடியும்; மற்றவர்களுக்கெல்லாம் வீதிதான். எனவே ஆட்டத்தைச் சுற்றித் திட்டம் போடாமல் திருவிழாவைச் சுற்றிப் போடுவது என்று முடிவு செய்தோம். இந்த ஒரு முடிவுக்குப் பிறகு மற்றவையெல்லாம் தாமாகவே வரிசைக்கு வந்தன.

திருவிழா எங்கே நடக்கிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே உற்சாகம் பிறந்தது. அது ஒரு கோட்டையில் நடக்கிறது. ஃபோர்ட் யார்க் என்ற அந்தக் கோட்டை 1793இல் ஆங்கிலேயர் அமைத்தது. டொராண்டோ நகரமே அதை ஒட்டித்தான் வளர்ந்தது. 1813 ஏப்ரல் 27 அன்று அமெரிக்கப் படை ஏரி வழியாக வந்து தாக்கியபோது, பின்வாங்கிய ஆங்கிலேயர்கள் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வெடிப்பில் அமெரிக்கத் தளபதி செபுலான் பைக் உட்படப் பலர் மாண்டனர். எங்கள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுச்சி கொண்ட 1806 ஜூலை 10க்கு ஏழு ஆண்டுகள்கூட முழுதாக முடியாத காலம் அது. ஒரே பேரரசின் இரண்டு கோட்டைகள், ஏறத்தாழ ஒரே சமயத்தில், உலகின் இரு மூலைகளில் எரிந்திருக்கின்றன என்பதை நான் இத்தனை நாளும் அறியாமல் இருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கோட்டை கட்டப்பட்டபோது ஒன்டாரியோ ஏரி அதன் காலடியிலேயே இருந்தது. பிறகு ரயில் பாதைக்காகவும் துறைமுகத்துக்காகவும் ஏரியை மண்கொட்டி மேடாக்கிக்கொண்டே போனதில், கரை தெற்கே நகர்ந்து, இன்று கோட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உயரத்தில் ஓடும் நெடுஞ்சாலை ஒன்றும் நிற்கின்றன. கார்டினர் விரைவுச் சாலை என்ற அந்த மேம்பாலத்தின் அடியிலிருந்த வெற்றிடத்தை 2018 முதல் பென்ட்வே என்ற பெயரில் பொதுமக்கள் கூடும் இடமாக மாற்றியிருக்கிறார்கள்; ரசிகர் திருவிழாவுக்குக் கோட்டையோடு அந்த இடத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய வாசகத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மீண்டும் லிங்கத்தை வைத்த பிறகு அந்த வாசகத்தில் ஒரு பகுதி பொய்யாகிவிட்டது; பாலாறு மட்டும் பெரும்பாலும் அந்த வாசகத்துக்கு விசுவாசமாக இருந்து வருகிறது. ஆனால் எங்கள் கோட்டைக்கு இன்றும் அகழி இருக்கிறது, அதில் தண்ணீரும் இருக்கிறது. ஏரியை ஓட்டிவிட்ட கோட்டையைப் பார்க்க, அகழியைக் காப்பாற்றிக்கொண்ட கோட்டையிலிருந்து போகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருப்பதை மறைக்கவில்லை.

தேதிகளுக்கு வருகிறேன். ஜூன் 12 அன்று டொராண்டோவில் கனடா தன் முதல் ஆட்டத்தை ஆடுகிறது. அந்த நாளில் ஊரில் இருந்தாக வேண்டும் என்று என் மகன் பிடிவாதம் பிடித்தான். ஆனால் ஜூன் 15 வருமான வரி முன்தவணையின் கடைசி நாள். கணக்குப் பிரிவில் இருப்பவன் அந்த வாரத்தில் விடுப்புக் கேட்பது, அறுவடை வாரத்தில் நிலத்தை விட்டுவிட்டுத் தீர்த்த யாத்திரை போவதற்குச் சமம். எனவே 15ஆம் தேதி மாலை வேலையை முடித்துவிட்டு, 16ஆம் தேதி விடியற்காலை சென்னையில் விமானம் ஏறுகிறோம். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. நடுவில் ஓரிடத்தில் மாற வேண்டும். கோடையில் டொராண்டோ நேரம் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் பயணம் செய்தாலும் அதே 16ஆம் தேதி மாலையே போய் இறங்கிவிடலாம். உடல் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

17ஆம் தேதி கானாவும் பனாமாவும் டொராண்டோவில் ஆடுகின்றன. அதைக் கோட்டைப் புல்வெளியில் அரைத் தூக்கத்தில் பார்ப்போம். 18ஆம் தேதி கனடா, கத்தார் அணியுடன் வான்கூவரில் மோதுகிறது. அதைத் திரையில் பார்க்க உள்ளூர்க் கூட்டம் முழுவதும் வந்துவிடும் என்று அக்கா மகன் சொல்கிறான், ஆகையால் சீக்கிரமே போய் இடம் பிடிக்க வேண்டும். 20ஆம் தேதி ஜெர்மனியும் ஐவரி கோஸ்டும் டொராண்டோவில் ஆடுவதுதான் என் மகனுடைய நாள். அவன் ஜெர்மனி கட்சி. 23ஆம் தேதி பனாமாவும் குரோஷியாவும். 24ஆம் தேதி கனடாவும் சுவிட்சர்லாந்தும் மறுபடியும் வான்கூவரில். 26ஆம் தேதி செனகல் ஆட்டம். ஜூலை 1 கனடா நாள், ஊரே விடுமுறை. ஜூலை 2 அன்று டொராண்டோவின் கடைசி ஆட்டம், தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று. மறுநாள் இரவு திரும்புகிறோம். ஆட்டங்களுக்கு நடுவே ஒன்று இரண்டு நாள் இடைவெளி விழுந்திருப்பது தற்செயல்தான் என்றாலும், நாமே கேட்டு வாங்கியதைப் போல அமைந்துவிட்டது. தினமும் கூட்டத்தில் நின்றால் ஐம்பது வயது முழங்கால் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே நம் ஊர்க் குடும்பங்களுக்கு ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அங்கே கோடை தொடங்கும்போது நமக்குக் கோடை விடுமுறை முடிந்துவிடுகிறது. கத்திரி வெயில் மே கடைசியில் முடிந்து, ஜூன் தொடக்கத்தில் பள்ளிகள் திறந்துவிடும். போட்டியோ ஜூன் 11இல்தான் ஆரம்பம். என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிப்பதாலும், அடுத்த பருவம் ஜூலை நடுவில்தான் தொடங்குவதாலும் நாங்கள் தப்பித்தோம். பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தப் பயணத்தை யோசிக்கும் என் தம்பிக்கு நான் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

விசாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நண்பர்கள் பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். மூன்று நாடுகளில் நடக்கும் போட்டி என்பதால் ஒரே விசாவில் மூன்றையும் சுற்றலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. அமெரிக்காவுக்குத் தனி விசா, மெக்சிகோவுக்கு அதன் சொந்த விதிகள், கனடாவுக்குத் தனி விசா. ஒரே நகரத்தில் தங்கித் திருவிழாவைப் பார்ப்பது என்ற எங்கள் முடிவு இங்கேயும் கைகொடுத்தது. கையில் ஆட்ட டிக்கெட் இருந்தால் விசா கட்டாயம் கிடைக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. டிக்கெட் இருப்பதால் நுழைவு உறுதியில்லை என்று கனடா அரசே சொல்லிவிட்டது. கட்டணம் ஆளுக்கு 100 கனடா டாலர், கைரேகைக்கு 85 டாலர். குடும்பமாக ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் கைரேகைக் கட்டணம் மொத்தமாக 170 டாலரோடு நின்றுவிடுகிறது. எங்கள் மூவருக்கும் 470 டாலர், நம் பணத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. இந்தப் பணம், விசா மறுக்கப்பட்டால் திரும்பி வராது என்பதால் ஆவணங்களைச் சேர்ப்பதில்தான் முழுக் கவனமும் போனது: ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், நிறுவனத்தின் விடுப்புக் கடிதம், வீட்டுப் பத்திரம், மகனின் கல்லூரிச் சான்று, அக்காவின் அழைப்புக் கடிதம். ஊருக்குத் திரும்பி வருவோம் என்பதை அந்த அதிகாரி நம்ப வேண்டும். ஆவணங்களின் பயன் அவ்வளவுதான். ஒரு பயண முகவர் எங்களிடம், விசாவுக்குத் தானே பொறுப்பு என்று ஒரு பெரிய தொகையைக் கேட்டார். எந்த முகவராலும் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது என்பதைப் புரிந்துகொண்டு, விண்ணப்பத்தை வீட்டிலேயே உட்கார்ந்து நாங்களே நிரப்பினோம்.

மருத்துவக் காப்பீட்டை மறக்கக் கூடாது. ஒன்டாரியோவின் அரசு மருத்துவத் திட்டம் சுற்றுலாப் பயணிகளுக்குப் பொருந்தாது. வைத்தியத்துக்காக வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கும் ஊரில் பிறந்துவிட்டு, வெளியூரில் வைத்தியத்துக்குப் பணமில்லாமல் தவிப்பது எப்படி இருக்கும் என்பதைக் காந்தி சாலையில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்கா வீடு ஸ்கார்பரோவில் இருக்கிறது. அங்கே தமிழ்க் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஈழத்திலிருந்து போன மக்கள் உருவாக்கிய அந்தக் கடைத் தெருக்களில் இடியப்பமும் சொதியும் கொத்து ரொட்டியும் கிடைக்கும் என்பதால், சாப்பாட்டைப் பற்றி என் மனைவிக்கு இருந்த ஒரே கவலையும் தீர்ந்தது. விடுதியில் தங்கியிருந்த வங்காளக் குடும்பங்கள் சொந்த அடுப்பில் மீன் குழம்பு வைத்து வாரக்கணக்கில் செலவைச் சமாளித்த விதத்தைப் பார்த்தவன் என்ற முறையில், அக்கா வீட்டில் சமைத்துக் கட்டிக்கொண்டு கிளம்புவது என்று ஏற்பாடு. கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில் ஏறி, பாதர்ஸ்ட் நிலையத்தில் இறங்கி, 511ஆம் எண் டிராம் வண்டியில் தெற்கே போனால் கோட்டைப் பக்கத்திலேயே இறக்கிவிடும். அதே வண்டி அரங்கம் இருக்கும் கண்காட்சி மைதானம் வரை போகிறது. அட்டையைத் தட்டிப் போகும் ஒரு பயணத்துக்கு 3.30 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் அதே கட்டணம். போகவர ஒரு நாளைக்கு ஆளுக்கு ஏழு டாலருக்குள் முடிந்துவிடும். வாடகைக் கார் என்ற பேச்சையே எடுக்கவில்லை; ஆட்ட நாளில் அந்தப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் தேடுவது, மயானக் கொள்ளை அன்று பாலாற்றங்கரையில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடுவதைப் போலத்தான் இருக்கும்.

ஆட்டம் இல்லாத நாள்கள் ஏரிக்கு. ஐந்து பேரேரிகளில் பரப்பளவில் ஒன்டாரியோதான் மிகச் சிறியது என்கிறார்கள். அந்தச் சிறியதன் பரப்பே ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர். 1989இல் பிரிப்பதற்கு முன்பிருந்த வட ஆர்க்காடு மாவட்டம் முழுவதையும், திருவண்ணாமலையையும் சேர்த்து, அதற்குள் இறக்கினாலும் சுற்றிலும் தண்ணீர் மிஞ்சும். அக்கரை கண்ணுக்குத் தெரியாத நன்னீரை நான் இதுவரை பார்த்ததில்லை. நகரத் துறையிலிருந்து படகில் கால்மணி நேரத்துக்குள் டொராண்டோ தீவுகளுக்குப் போய்விடலாம். கார் இல்லாத அந்தத் தீவுகளில் நாள் முழுவதும் நடந்துவிட்டு, மாலையில் 553 மீட்டர் உயர சி.என். கோபுரமும் நகரமும் தண்ணீருக்கு மேலே நிற்பதைப் பார்த்துக்கொண்டு திரும்புவது ஒரு நாள். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகும் என்பதால் மாலை என்பது நீண்டுகொண்டே போகும். ஆனால் ஏரிக்காற்று குளிரும், வேலூர் வெயிலில் இருந்து போகிறவர்கள் ஒரு கம்பளிச் சட்டையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். நயாகரா அருவி என் மனைவியின் நாள். அது ஏறத்தாழ 130 கிலோமீட்டர், காட்பாடியிலிருந்து சென்னை போகும் தூரம். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

இப்போது வீட்டில் நடக்கும் ஒரே சண்டை பந்தைப் பற்றியது. இந்த உலகக் கோப்பைக்கான பந்துக்கு டிரையோண்டா என்று பெயர். நான்கே துண்டுகளை இணைத்துச் செய்திருக்கிறார்கள். அதை அங்கே வாங்க வேண்டும் என்று மகன் கேட்கிறான். காலணிக்கு மேல்தோல் செய்யும் ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, தோலே இல்லாத செயற்கைப் பந்தை அவ்வளவு விலை கொடுத்து வாங்குவதா என்று நான் கேட்டேன். மழையில் ஊறினால் கல்லாகக் கனத்துவிடும் பழைய தோல் பந்தைக் கோட்டை மைதானத்தில் தலையால் முட்டி, இரண்டு நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தது நான்தான் என்பதை என் மனைவி அவனிடம் சொல்லிவிட்டாள். அதன்பிறகு என் வாதத்துக்கு மதிப்பில்லை. பந்து பட்டியலில் ஏறிவிட்டது.

அக்கா இலவம்பாடி முள் கத்திரிக்காய் கேட்டிருக்கிறாள். உணவுப் பொருள் எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும் என்பதால், கத்திரிக்காய்க்குப் பதிலாக வற்றலாகப் போட்டு எடுத்து வருகிறேன் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்; அவளுக்குத் திருப்தி இல்லை. கைரேகை கொடுக்கச் சொல்லும் கடிதம் சென்ற வாரம் வந்தது, அது வந்த நாளிலிருந்து முப்பது நாள் கெடு. வருகிற வியாழக்கிழமை சென்னையில் நேரம் வாங்கியிருக்கிறோம். காலை ஆறு மணிக்குக் காட்பாடி நிலையத்தில் இருக்க வேண்டும் என்று மகனிடம் சொன்னதற்கு, ஆட்டத்துக்கே அவ்வளவு சீக்கிரம் எழுந்தது இல்லையே அப்பா என்கிறான்.